பைத்தியக்கார விஞ்ஞானிகளைப் பட்டியலில் திரும்பச் சேருங்கள்

நம் திரைப்படச் சங்கத்தின் செயலாளருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் நீங்கள் போட்ட அறிவிப்பை மூன்று தடவை படித்தேன். அடுத்த மாதம் நடக்கப்போகிற அறிவியல் திரைப்பட வாரத்திலிருந்து மூன்று படங்களை எடுத்துவிட்டீர்கள். யங் ஃப்ராங்கன்ஸ்டைன், டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ், பேக் டு தி ஃப்யூச்சர். காரணம் ஒரே வரி: 'அறிவியலையும் அறிவியலாளர்களையும் கேலிப்பொருளாக்கும் கோமாளித்தனமான படங்கள் நம் நோக்கத்துக்குப் பொருந்தா.' அதற்குக் கீழே பதினாறு கும்பிடு, நான்கு கட்டைவிரல். ஏன் எடுத்தீர்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் அன்றைக்குக் கேட்கவில்லை, கையில் வார்னிஷ் ஒட்டியிருந்தது. மறுநாள் காலை கேட்டேன், 'குழு முடிவு' என்று பதில் வந்தது. அதனால்தான் இந்தக் கடிதம், எல்லாரும் படிக்கிற மாதிரி.

நான் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவன். பதினேழு வருஷமாகச் சங்கத்தில் உறுப்பினர். புரொஜெக்டர் பல்பு போனால் பக்கத்து ஊருக்கு ஓடினவனும், ஸ்பீக்கரில் இரைச்சல் வந்தால் எர்த் தேடி மேஜைக்கு அடியில் படுத்தவனும் நான்தான். சொல்லிக்காட்டவில்லை. இந்தச் சங்கம் போட்ட படங்களில் பாதியை மேஜைக்கு அடியிலிருந்தே பார்த்திருக்கிறேன், அந்த உரிமையில் பேசுகிறேன். உலக சினிமா பற்றி உங்கள் அளவுக்கு எனக்குப் படிப்பு கிடையாது. ஆனால் நீங்கள் கோமாளித்தனம் என்று ஒதுக்கிய அந்த மூன்று படங்களிலும் என் தொழில் இருக்கிறது. அதை நீங்கள் பார்க்கவே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

யங் ஃப்ராங்கன்ஸ்டைனையே எடுத்துக்கொள்வோம். மேரி ஷெல்லியின் ஃப்ராங்கன்ஸ்டைன் நாவல் 1818ல் வந்தது. அதில் விஞ்ஞானி படைக்கிற உருவத்துக்கு எப்படி உயிர் வந்தது என்று அவர் விவரம் கொடுக்கவே இல்லை. மின்னல் இறங்குகிற கோபுரம் இல்லை, பொறி பறக்கிற கண்ணாடிக் குழாய் இல்லை. அதெல்லாம் 1931ல் ஜேம்ஸ் வேல் எடுத்த படத்தில் வந்தவை. அந்தக் கருவிகளைச் செய்து கொடுத்தவர் கென்னத் ஸ்ட்ரிக்ஃபாடன் என்ற எலெக்ட்ரீஷியன். பைத்தியக்கார விஞ்ஞானியின் ஆய்வுக்கூடம் என்றதும் நமக்கெல்லாம் கண்ணில் வருகிற காட்சியில் பெரும்பங்கு என்னை மாதிரி ஒரு வயர்க்காரரின் கைவேலை. அந்தப் படத்தில் அவர் பெயர்கூடப் போடவில்லை.

நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து மெல் புரூக்ஸ் அதே கதையைக் கிண்டல் செய்து படம் எடுக்கக் கிளம்பினார். ஸ்ட்ரிக்ஃபாடன் அந்தப் பழைய சாமான்களை எல்லாம் தூக்கிப்போடாமல் தன் வீட்டு கராஜில் பத்திரமாக வைத்திருப்பதைக் கண்டுபிடித்து, அவற்றையே வாடகைக்கு எடுத்து, 1974ல் வந்த யங் ஃப்ராங்கன்ஸ்டைனில் அவர் பெயரையும் போட்டார். சீரியசான படம் போடாத பெயரைக் கோமாளிப் படம் போட்டது. புரூக்ஸுக்கு அந்தப் பழைய படங்களின் மேல் எவ்வளவு பிரியம் என்றால், கறுப்பு வெள்ளையில்தான் எடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்து, அதற்கு ஒத்துக்கொள்ளாத ஸ்டுடியோவை விட்டு வேறு ஸ்டுடியோவுக்குப் போனார். கேலி செய்கிறவர் இவ்வளவு மெனக்கெடுவாரா, சொல்லுங்கள்.

அந்தக் கருவிகளில் ஒன்று: இரண்டு கம்பி 'வி' வடிவத்தில் நிற்கும், அடியில் பொறி பற்றிக்கொண்டு மேலே மேலே ஏறி உச்சியில் அறுந்துபோகும், மறுபடி அடியிலிருந்து கிளம்பும். இந்த வகைப் படத்தில் எல்லாம் இது இருக்கும், எதற்கு என்று ஒரு படத்திலும் சொல்ல மாட்டார்கள். கதைக்கு அது ஒரு பிரயோஜனமும் இல்லைதான். ஆனால் அது ஏறுவது உண்மையான அறிவியல். கம்பிகள் கிட்டத்தில் இருக்கிற இடத்தில் காற்றைப் பிளந்து பொறி கிளம்புகிறது, சூடான காற்று மேலே போகும்போது அதையும் இழுத்துக்கொண்டு போகிறது, இடைவெளி அதிகமானதும் தாங்காமல் அறுகிறது. என் கடைக்கு வருகிற பாலிடெக்னிக் பையன்களிடம் நான் இதைப் படத்தை வைத்துத்தான் சொல்வது வழக்கம், புத்தகத்தை வைத்து இல்லை.

அப்புறம் அந்த மூளை விஷயம். உதவியாளன் மூளை எடுக்கப் போகிறான், நல்ல மூளையைக் கீழே போட்டு உடைத்துவிடுகிறான், பக்கத்தில் இருந்த இன்னொரு ஜாடியைத் தூக்கிக்கொண்டு வருகிறான். அதன் மேல் 'இயல்பு பிறழ்ந்தது' என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை யாரோ ஒரு பெண்ணின் பெயர் என்று நினைத்துக்கொள்கிறான். தியேட்டரே சிரிக்கும். எனக்கு அங்கே சிரிப்போடு வயிறும் கலங்கும். என் கடையில் ஒரு பையன் 24 கேஜ் கம்பிக்குப் பதில் வேறு கேஜ் சுருளை எடுத்து வந்து, நான் லேபிளைப் பார்க்காமல் சுற்றி, வார்னிஷ் போட்டு, காயவைத்து, ஒரு விவசாயியின் மோட்டாரை மாட்டிவிட்டேன். ஒரு நாள்கூட ஓடவில்லை. பையன் மேல் தப்பா, சரிபார்க்காத என் மேல் தப்பா? அந்தப் படத்துப் பேராசிரியரும் ஜாடியைப் பார்க்கவில்லை. ஆய்வுக்கூடமானாலும் பட்டறையானாலும் பாதிச் சேதம் லேபிளில்தான் ஆரம்பிக்கிறது.

இந்தப் படத்தில் இன்னொரு இடம் இருக்கிறது, அதை நினைத்துத்தான் எனக்குக் கோபமே. ஷெல்லியின் நாவலில் விஞ்ஞானி தான் படைத்த உருவம் கண்ணைத் திறந்ததும் பயந்து ஓடிவிடுகிறான். அவ்வளவு துயரமும் அந்த ஓட்டத்திலிருந்து வருகிறது. படத்தில் விஞ்ஞானியாக வருகிற ஜீன் வைல்டர் என்ன செய்கிறார்? அந்த ராட்சதன் இருக்கிற அறைக்குள் தனியாகப் போகிறார். நான் எவ்வளவு கெஞ்சினாலும் கதவைத் திறக்காதீர்கள் என்று வெளியே இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுப் போகிறார். உள்ளே போன அடுத்த நொடி திறங்க, திறங்க என்று கத்துகிறார். அவர்கள் திறக்கவில்லை, அவர்தானே சொன்னார். வேறு வழியில்லாமல் திரும்பி, அந்த உருவத்தைப் பார்த்து, நீ அழகன், நீ நல்லவன் என்று சொல்லிக் கட்டிக்கொள்கிறார். ராட்சதன் அழுகிறான். தான் செய்து வைத்ததற்குத் தானே பொறுப்பு என்று உள்ளே போய் நிற்கிற விஞ்ஞானி கோமாளிப் படத்தில்தான் இருக்கிறார். இதில் எங்கே ஐயா அவமானம்?

சரி, பெரியவர்களுக்கான விரசமான நகைச்சுவை அதில் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடச் சொல்லவில்லை. ஞாயிறு இரவுக் காட்சிக்குத்தான் நான் அதை எழுதிக் கொடுத்தது.

பிள்ளைகளுக்கு என்று நான் கேட்டது பேக் டு தி ஃப்யூச்சர். இதை நீங்கள் எடுத்துவிட்டதுதான் என்னால் தாங்கவே முடியவில்லை, ஏனென்றால் போன வருஷம் கோடை விடுமுறையில் நூலக மாடியில் இதைப் போட்டோம், உங்களில் இரண்டு பேர் அங்கே இருந்தீர்கள். நாற்பது பிள்ளைகள் இருக்கும். ஒரு மின்விசிறி ஓடவில்லை. நான் மைக்கில் தமிழில் கதையைச் சொல்லிக்கொண்டே போனேன்.

படம் தொடங்கும்போது அதில் வருகிற விஞ்ஞானி டாக்டர் பிரவுன் வீட்டில் ஆள் இல்லை, எந்திரங்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ரொட்டி வாட்டுகிற பொறி, கருகிப்போன ரொட்டியையே மறுபடி மறுபடி வாட்டும். நாய்க்குச் சோறு போடுகிற பொறி, நிரம்பி வழிகிற தட்டில் இன்னொரு டப்பாவைக் கவிழ்க்கும். அந்த இடத்திலேயே பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு என் பத்தொன்பது வயது ஞாபகம் வந்தது. சீலிங் ஃபேனைக் கழற்றிக் காற்றாலை செய்கிறேன் என்று கிளம்பி, வீட்டு ஃப்யூஸோடு தெரு ஃப்யூஸையும் சேர்த்துப் போக்கி, அம்மாவிடம் 'கிறுக்குப் பய' என்று பட்டம் வாங்கினேன். அந்தப் பட்டம் இன்றைக்கும் எங்கள் தெருவில் செல்லுபடியாகும்.

அந்த டாக்டர் பிரவுனுக்குக் காலப் பயணம் எப்படித் தோன்றியது? கழிப்பறையில் கடிகாரம் மாட்டப் பீங்கான் மேல் ஏறி நின்று, வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டபோது. முப்பது வருஷம் கழித்து, குடும்பச் சொத்தெல்லாம் கரைந்த பிறகு, ஒரு காரில் அந்த எந்திரத்தை மாட்டுகிறார். அது காலத்தைத் தாண்ட மணிக்கு 88 மைல் வேகம் வேண்டும், அதாவது கிட்டத்தட்ட 142 கிலோமீட்டர். அதற்கு வேண்டிய மின்சாரம் 1.21 ஜிகாவாட், அதைக் கடைசியில் ஒரு மின்னலிலிருந்து எடுக்கிறார். முதலில் காரை அல்ல, ஒரு குளிர்பதனப் பெட்டியைத்தான் கால எந்திரமாக எழுதியிருந்தார்களாம். பிள்ளைகள் பார்த்துவிட்டு வீட்டில் அதற்குள் ஏறி மூடிக்கொண்டால் என்ன ஆவது என்று பயந்து இயக்குநர் ராபர்ட் ஜெமெக்கிஸ் மாற்றினார். பிள்ளைகள் மேல் அக்கறை இல்லாத படம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான். 'அண்ணா, 1.21 ஜிகாவாட்னா எவ்வளவு?' நான் சொன்னேன், 121 கோடி வாட், கூடங்குளத்தில் ஓடுகிற ஓர் உலை 1,000 மெகாவாட், அது முழுசாக ஓடினாலும் பற்றாது, இரண்டாவது உலையிலும் கொஞ்சம் கடன் வாங்க வேண்டும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் 5 எச்.பி. பம்ப்செட் 3,24,000 ஒரே நேரத்தில் ஓடுகிற மாதிரி. மாடியே வாயைப் பிளந்தது. அவன் விடவில்லை. 'ஆனா மின்னல் கண் இமைக்கிற நேரம்தானே அடிக்குது? அப்ப எத்தனை யூனிட் ஆகும்?'

நான் என் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஒரு முழு நொடி இருந்தால் 336 யூனிட். ஒரு நடுத்தர வீட்டின் இரண்டு மாத ரீடிங் மாதிரி. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்றால் ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை இருபது நிமிஷம் போட்டால் ஆகிற கரண்ட். பின்னால் இருந்து ஒரு சின்னப் பெண் கேட்டாள்: 'அப்ப டைம் மெஷினுக்கு இஸ்திரிப் பெட்டி போதுமா?'

போதாது, ஏன் போதாது என்று அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் பேசினோம். திறன் வேறு, ஆற்றல் வேறு. குடத்துத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாலும் அதே தண்ணீர்தான், ஒரே வீச்சில் முகத்தில் அடித்தாலும் அதே தண்ணீர்தான், ஆனால் இரண்டும் ஒன்றா? இந்த வித்தியாசத்தை என் கடைக்கு வருகிற இஞ்சினீயரிங் முடித்தவர்களே குழப்பிக்கொள்வார்கள். அந்தப் பிள்ளைகள் அன்றைக்கு அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மறுவாரம் அந்தப் பையன் தன் வீட்டு மீட்டரை போட்டோ எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தான்.

அதற்கு அடுத்த மாதம் அதே மாடியில் நீங்கள் தேர்ந்தெடுத்த ராக்கெட் ஆவணப்படம் போட்டோம். நல்ல படம்தான். முடிந்ததும் ஏதாவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டீர்கள். பிஸ்கட் எப்போது என்று ஒரு கேள்வி வந்தது.

பேக் டு தி ஃப்யூச்சரின் கடைசிக் கட்டக் காட்சி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வயர்க்காரனாக. மின்னல் எந்த நிமிஷம் கடிகாரக் கோபுரத்தில் விழும் என்று தெரியும், கார் எந்த இடத்தில் கம்பியைத் தொட வேண்டும் என்று தெரியும், எல்லாக் கணக்கும் சரி. ஒரு மரக்கிளை விழுந்து கேபிள் பிரிந்துவிடுகிறது. டாக்டர் பிரவுன் மேலே ஏறி மாட்டினால் கீழே கழன்றுகொள்கிறது. வரலாற்றிலேயே பெரிய கண்டுபிடிப்பு, கடைசியில் லூஸ் கனெக்‌ஷனில் வந்து நிற்கிறது! நாற்பது வருஷத் தொழிலில் எனக்கு இதைவிட உண்மையான சினிமாக் காட்சி தெரியாது.

மூன்றாவது படம் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ். இதை எடுத்தவர் ஸ்டான்லி குப்ரிக். அவருடைய 1968ம் வருஷ விண்வெளிப் படத்தைப் பட்டியலில் முதல் நாளே வைத்திருக்கிறீர்கள், கூடவே 'மேதை' என்று அடைமொழியும் போட்டிருக்கிறீர்கள். நாலு வருஷம் முன்னால், 1964ல், அதே மேதை எடுத்தது கோமாளித்தனமா? குப்ரிக் இதைச் சிரிப்புப் படமாக எடுக்க நினைக்கவில்லை. பீட்டர் ஜார்ஜ் எழுதிய முழுக்க சீரியசான நாவலைத்தான் எடுத்துக்கொண்டார். எழுத எழுத, அணு ஆயுதத் தர்க்கத்தைச் சிரிக்காமல் சொல்ல முடியவில்லை என்று கண்டுகொண்டு மாற்றினார். அந்தக் கதையில் சோவியத் தரப்பு ஓர் அழிவு எந்திரம் செய்து வைத்திருக்கும். யாராவது தாக்கினால் தானாகவே வெடித்து உலகத்தையே முடித்துவிடும், நிறுத்த முடியாது. எதிரி பயப்பட வேண்டும் என்பதற்காகச் செய்தது. ஆனால் எதிரியிடம் இன்னும் சொல்லவில்லை, திங்கட்கிழமை கட்சி மாநாட்டில் அறிவிக்கலாம் என்று வைத்திருந்தார்கள், தலைவருக்கு ஆச்சரியம் கொடுப்பதில் ஆசையாம். இது கிறுக்குத்தனம்தான். ஆனால் இந்த மாதிரி எந்திரத்தைப் பற்றி ஹெர்மன் கான் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960லேயே புத்தகத்தில் நிதானமாக அலசியிருக்கிறார்.

இதில் நமக்கு நேரடியான சங்கதி ஒன்று உண்டு. படத்தில் பீட்டர் செல்லர்ஸ் மூன்று வேஷம் போடுகிறார், அதில் ஒன்று சக்கர நாற்காலியில் இருக்கிற ஸ்ட்ரேஞ்ச்லவ். முன்னாள் நாஜி, இப்போது அமெரிக்க அதிபருக்கு ஆலோசகர். கறுப்புக் கையுறை போட்ட வலது கை அவர் பேச்சைக் கேட்காது, தானாக நாஜி வணக்கம் வைக்கக் கிளம்பும், இடது கையால் அடித்து அடக்குவார். அந்தக் கையுறைக்கும் ஒரு பூர்விகம் உண்டு: 1927ல் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த மெட்ரோபொலிஸில் வருகிற கிறுக்கு விஞ்ஞானி ரோட்வாங்குக்கும் வலது கையில் இதே கறுப்புக் கையுறை. இப்போது நீங்கள் ஸ்ட்ரேஞ்ச்லவ்வை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்திருக்கிற சந்திரப் பயண ஆவணப்படத்தைப் பாருங்கள். சாட்டர்ன் 5 ராக்கெட்டை உருவாக்கிய வெர்னர் ஃபான் பிரவுன் அதில் இருக்கிறார், நல்ல கோட், நல்ல சிரிப்பு, மெல்லிய பின்னணி இசை. அவர் அதற்கு முன்னால் ஹிட்லரின் ஜெர்மனிக்கு வி-2 ஏவுகணை செய்து கொடுத்தவர் என்பதும், அவற்றை மிட்டல்பாவ்-டோரா வதைமுகாமின் கைதிகள் சுரங்கத்துக்குள் அடிமை வேலையாகச் செய்தார்கள் என்பதும், அங்கே ஆயிரக்கணக்கில் செத்தார்கள் என்பதும் அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. நான் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். அமெரிக்காவுக்கு வந்த நாஜி விஞ்ஞானிகளைப் பற்றிப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் எந்தப் படத்தைப் போடுவீர்கள்?

சாமியாரைக் காட்டுகிற மாதிரி விஞ்ஞானியைக் காட்டினால் கேள்வி கேட்க வாய் வராது. பேச்சைக் கேட்காத கையோடு காட்டினால் வரும். இந்தப் படங்கள் அவரை மேடையிலிருந்து இறக்கி, தடுக்கி விழுகிற, கடன் வாங்குகிற, ஜாடி மாறிப்போகிற மனுஷனாக்குகின்றன. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

குழுவில் இருக்கிற இயற்பியல் சார் என்னிடம் போனில் சொன்னார், நிஜ விஞ்ஞானிகள் இப்படியெல்லாம் இருக்க மாட்டார்கள் என்று. சார், என் மகனுக்குப் பத்தாம் வகுப்பில் பாடம் எடுத்தவர் நீங்கள், உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் ஆந்த்ரே கைம் என்பவர் பெரிய காந்தத்தின் நடுவில் உயிருள்ள தவளையை அந்தரத்தில் மிதக்கவிட்டார், அதற்காக 2000ம் வருஷம் இக் நோபல் என்ற கிண்டல் பரிசை வாங்கிக்கொண்டார். தன் வெள்ளெலியின் பெயரை ஓர் ஆய்வுக் கட்டுரையில் கூட்டு ஆசிரியராகப் போட்டார். அவரேதான் பென்சிலில் இருக்கிற கிராஃபைட்டை ஒட்டுநாடாவால் உரித்து உரித்து ஓர் அணுத் தடிமனுக்குக் கொண்டுவந்து, 2010ல் நிஜ நோபலும் வாங்கினார். பாரி மார்ஷல் என்று ஆஸ்திரேலிய மருத்துவர், வயிற்றுப் புண்ணுக்குக் கிருமிதான் காரணம் என்று சொன்னதை யாரும் நம்பாததால் 1984ல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005ல் நோபல். இதை யாராவது கதையாக எழுதிக் கொண்டுவந்தால் நம் குழு 'மிகை' என்று திருப்பி அனுப்பியிருக்கும்.

சாருடைய இன்னொரு ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். இந்தப் படங்களில் விஞ்ஞானி எப்போதும் வெள்ளைக் கோட்டு, கலைந்த தலை, ஆம்பிளை. பெண்கள் உதவியாளராக வருவார்கள், இல்லாவிட்டால் நிச்சயிக்கப்பட்ட பெண்ணாக வந்து கத்துவார்கள். டேவிட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் பிள்ளைகளிடம் விஞ்ஞானியை வரையச் சொன்ன சோதனையை 1983ல் வெளியிட்டார். 4,807 பிள்ளைகள் வரைந்ததில் பெண் விஞ்ஞானி இருந்த படம் 28தான், அந்த 28ம் பெண் பிள்ளைகள் வரைந்தவை. இதில் சினிமாவுக்குப் பங்கு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நீங்கள் பதிலாக வைத்திருக்கிற படங்களை எண்ணிப் பார்த்தேன், அதிலும் முக்கியமான விஞ்ஞானி ஒருவர்கூடப் பெண் இல்லை. வியாதி அதே வியாதி, சிரிப்பை மட்டும் எடுத்துவிட்டீர்கள். கோமாளி விஞ்ஞானி படங்களில் முக்கால்வாசி குப்பை என்பதும் எனக்குத் தெரியும். குப்பை அல்லாத மூன்றைத்தான் நான் எழுதிக் கொடுத்தேன்.

நம் ஊர்ப் படங்களைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை நீங்கள், 'வணிகப் படம்' என்று கதவைச் சாத்தியாயிற்று. 2015ல் வந்த இன்று நேற்று நாளையில் எதிர்காலத்திலிருந்து ஒரு கால எந்திரம் வந்து இரண்டு பையன்கள் கையில் கிடைக்கிறது. அவர்கள் அதை வைத்து என்ன செய்கிறார்கள்? தொலைந்த பொருள் எங்கே போனது என்று பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஜோசியம் என்று சொல்லிக் காசு வாங்குகிறார்கள். அறிவியல் என்று சொன்னால் எவன் வருவான், ஜோசியம் என்றால் வரிசையில் நிற்பான். மூடநம்பிக்கை பற்றிச் சங்கம் நடத்திய மூன்று கருத்தரங்கிலும் இதைவிடக் கூர்மையாக யாரும் பேசி நான் கேட்டதில்லை. (அந்தக் கருத்தரங்குகளுக்கும் மைக் செட் நான்தான்.)

இனி நான் கேட்பது.

மூன்று படங்களையும் பட்டியலில் திரும்பச் சேர்க்க வேண்டும். இடம் இல்லை என்று சொல்லாதீர்கள். புதன், வியாழன் மாலைக் காட்சிகளில் இரண்டு மணி நேரம் 'சிறப்புரை' என்று போட்டிருக்கிறீர்கள், அதைக் குறைத்தால் இடம் வந்துவிடும். பேக் டு தி ஃப்யூச்சரைக் கட்டாயம் பகல் காட்சியாக, பள்ளிப் பிள்ளைகளுக்கு வைக்க வேண்டும், முடிந்ததும் ஒரு மணி நேரம் கேள்விகளுக்கு விட வேண்டும். யங் ஃப்ராங்கன்ஸ்டைன் இரவில், பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று நோட்டீஸிலேயே தெளிவாக எழுதி.

ஸ்ட்ரேஞ்ச்லவ்வையும் அந்தச் சந்திரப் பயண ஆவணப்படத்தையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் போடுங்கள். ஆவணப்படத்தை எடுக்கச் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் வரலாறு தெரிந்த ஒருவர் வி-2 பற்றிப் பத்து நிமிஷம் பேச வேண்டும்.

கலைந்த தலை, வெள்ளைக் கோட்டு விவகாரத்தைச் சாரே எடுத்துப் பேசட்டும், ஆனால் தனியாக வேண்டாம். நம் ஊர் மகளிர் கல்லூரியில் இயற்பியல் படிக்கிற பெண்கள் இரண்டு பேரை மேடையில் உட்கார வைத்து, அவர்கள் இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு என்ன நினைத்தார்கள் என்று முதலில் அவர்கள் சொல்லட்டும். நாம் பிறகு பேசலாம்.

இனிமேல் ஒரு படத்தை எடுத்தால், எடுத்தவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்தார்கள் என்பதையும் அறிவிப்பில் சேர்த்துப் போட வேண்டும். நான் விசாரித்த வரையில் குழுவின் ஏழு பேரில் இந்த மூன்றையும் முழுசாகப் பார்த்தவர் ஒருவர். அவர் எடுக்க வேண்டாம் என்றுதான் சொன்னாராம்.

நோட்டீஸ் வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டேன். வியாழக்கிழமை மாலைக்குள் குழுவைக் கூட்டி, முடிவைக் காரணத்தோடு எல்லா உறுப்பினர்களுக்கும் எழுத்தில் சொல்லுங்கள். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வருகிறேன். அந்த மூன்று படங்களின் டிஸ்க்கும் என்னிடம் இருக்கிறது, புரொஜெக்டரும் இப்போது என் கடையில்தான் கிடக்கிறது, அதன் மின்விசிறிக்குப் புது காயில் போட்டுக்கொண்டிருக்கிறேன். பார்க்காத ஆறு பேருக்கும் கடையிலேயே போட்டுக் காட்டத் தயார். புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருப்பேன், குனிந்து வாருங்கள்.

இப்படிக்கு,
பதினேழு வருஷ உறுப்பினர்,
மோட்டார் வைண்டிங் கடைக்காரன்